ஒரு கைச் சோறு

நாய் இருக்குதுன்னு போன்லயே சொல்லிப்போட்டீங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சுதுங்க. மத்தவங்கெல்லாம் மறைச்சுத்தான் வருவாங்க. பால் காய்ச்சிக் குடி வந்து நாலு நாள் கழிச்சுப் பார்த்தா, வூட்டுக்குப் பின்னாடி கட்டிப் போட்டிருப்பாங்க. கேட்டா, மச்சானோட நாயி, மச்சான் ஊருக்குப் போயிருக்கறான், ரெண்டு நாளைக்குத்தான்னு ஒரு கத. நீங்க நேராச் சொன்னீங்க. உக்காருங்க. ஃபேன் போடறன்.

என்ன ஜாதிங்க? ஜெர்மன் ஷெப்பர்டா? பெரிய சைஸுதான். அதான் எங்கயும் வூடு கெடைக்கல. இந்தத் திருச்செங்கோட்டுல நாயின்னு சொன்னாலே கதவச் சாத்தறவன்தான் ஜாஸ்தி. அதுலயும் பெரிய நாயின்னா கேக்கவே வேண்டாம். பேங்க் ஆபீசர்னு சொன்னாக்கூட ஆவாது.

சோறு யாருங்க போடறீங்க? நீங்களா, வூட்டம்மாவா?

ரெண்டு பேருமா? கொழந்தைகளும் போடுமா? யாரு போட்டாலும் திங்குமா?

சிரிக்கறீங்க. இதுல என்ன இருக்குதுன்னு சிரிக்கறீங்க. இருங்க சார், அவசரமில்லீன்னா சித்த நேரம் உக்காருங்க. வூட்டச் சாவகாசமாப் பாக்கலாம். வூடு எங்க போயிரப் போவுது. நடுவுல இருக்கற கதவப் பூட்டி ரெண்டாக்கியிருக்கறன், அவ்வளவுதான். அந்தப் பக்கந்தான் உங்களுக்கு. அங்க எம்பையன் குடும்பம் இருந்துது. இப்ப இல்ல. ஏன் இல்லீன்னு கேட்டா அதுக்கும் இந்தச் சோத்துக் கததான்.

எங்கிட்ட ஒருத்தன் இருந்தானுங்க. லம்புன்னு பேரு. கிரேட் டேன். சாம்பல் நெறம். நின்னான்னா தல இந்த மேச மட்டத்துக்கு மேல. மேச மேல இருக்கறத எட்டித் தின்ன வேண்டிய வேலையே இல்ல, குனிஞ்சு திங்கலாம். ஆனாத் தொட மாட்டான். இட்லியும் கறிக்கொழம்பும் மூக்குக்கு நேரா இருக்கும், பக்கத்துல நின்னு எம்மூஞ்சியவே பாத்துட்டு இருப்பான். அப்படிப் பழக்கியிருந்தன்.

நான் ரிக் வண்டியில இருந்தவனுங்க. போர் போடற வண்டி. இந்த ஊர்ல பாதிச் சனம் அந்தத் தொழில்தான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், அந்தப் பக்கமே கெடந்தது இருவத்தஞ்சு வருசம். மழக்காலத்துல வண்டி ஓடாது, அப்பத்தான் ஊருக்கு வர்றது. ஒருக்கா அப்படி வந்து எறங்கறன். பையன் பூபதிக்கு நாலு வயசிருக்கும். கதவத் தொறந்து என்னப் பார்த்துட்டு, "அம்மா, யாரோ வந்திருக்கறாங்க"ன்னு உள்ள ஓடிட்டான். ராமாத்தா, எம்பட சம்சாரம், அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். நாக்பூர்ல பேடா வாங்கிட்டு வந்திருந்தன். நீட்டுனா வாங்க மாட்டேங்கறான். அவங்கம்மா வாங்கிக் குடுத்தாத் திங்கறான். அதே பேடாதாங்க. எங்கையில இருந்தா ஆவாது, அவ கைக்குப் போனா இனிக்குது. வருசா வருசம் அப்படித்தான். அவனுக்கு மீசை மொளைக்கற வரைக்கும் அப்படித்தான்.

அத வுடுங்க. அதெல்லாம் எதுக்கு இப்ப.

ராமாத்தா போனப்புறம் எனக்கு வண்டியில ஏறவே புடிக்கல. கடைசி சீசன், ராய்ப்பூருக்கு அந்தப்பக்கம் ஒரு பண்ணை. மத்தவனெல்லாம் போட்டுப் பார்த்துட்டு தண்ணி இல்லீன்னு போயிட்ட எடம். நான் எடம் மாத்தி வெச்சு எறக்குனன். பீய்ச்சி அடிச்சுதுங்க. பண்ணைக்காரருக்குச் சந்தோசம் தாங்கல, என்ன வேணும்னு கேட்டாரு. அவரு வூட்டு நாயி அப்பத்தான் குட்டி போட்டிருந்துது. அதுல ஒண்ணக் கேட்டேன். ஏன் கேட்டேன்னு இன்னைக்கும் தெரியல. நான் நாயே வளத்துனதில்லீங்க.

வண்டி கேபின்ல எம்மடியிலதான் வந்தான். கூட இருந்த வடக்கத்திப் பசங்க வெச்ச பேருதான் லம்பு. இந்தியில நெட்டையன்னு அர்த்தம். வழியெல்லாம் ஒண்ணும் சாப்பிடல. பால வெச்சாத் தொடல. ரொட்டியப் பிச்சுப் போட்டாத் தொடல. தாயி நெனப்பு. செத்துப் போயிருவானோன்னு எனக்கு ஒரே பயம். ஒரு டீக்கடையில வண்டிய நிறுத்தி, பால்ல எம்பட வெரல முக்கி அவன் வாயில வெச்சேன். நக்குனான். இன்னொருக்கா முக்கி வெச்சேன். வெரலப் புடிச்சுச் சப்புனான் பாருங்க! நொங்குக் கண்ணாட்டம் மெத்துனு இருந்துச்சு அந்த வாயி. பசங்க ரொட்டிய நீட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கறான். எங்கைக்கு மட்டும் வாயத் தொறக்கறான்.

அன்னைக்கு முடிவு பண்ணுனனுங்க. இவன் எங்கையால மட்டுந்தான் திங்கணும்.

காவலுக்குத்தானுங்க. திருடன் கறியில வெசம் வெச்சுப் போட்டுட்டா என்ன பண்றது? அதுக்குத்தான்.

வளத்துனன் சார். சும்மா சொல்லக்கூடாது, கொழந்தையாட்டத்தான் வளத்துனன். சிமெண்டுத் தரையில படுத்துப் படுத்து மொழங்கையில தோலு காய்ப்புக் காய்ச்சுப் போவும், அதுக்குத் தேங்கா எண்ண தடவி, சாக்க மடிச்சுப் போடுவன். அவன் என்ன பண்ணுவான், சாக்க வுட்டுட்டு எங்கட்டில்ல ஏறிக்குவான். நான் சாக்குல. வால ஆட்டுனான்னா டம்ளரு, சாமி வெளக்கு, பூபதியோட செல்போனு எல்லாம் கீழ. ஒருக்கா செவுத்துல அடிச்சு வாலு நுனி கிழிஞ்சு, ஆட்டி ஆட்டி வூடெல்லாம் ரத்தம். பார்த்தவங்க கொலை நடந்த வூடுன்னு நெனச்சிருப்பாங்க. தலைய ஒதறுனா எச்சி மேல சீலிங்கு வரைக்கும் போவும். இவ்வளவு பெரிய உருவம், குக்கர் விசில் அடிச்சா எங்காலுக்குள்ள வந்து ஒளிஞ்சுக்குவான். காலுக்குள்ள எங்க ஒளியறது? என்னையும் சேர்த்துத் தூக்கிட்டு நிப்பான்.

சோறு நாந்தான். சாயந்தரம் ஒரு வேள. கோழிக்கடையில தலையும் காலும் சொல்லி வெச்சிருவன். மஞ்சத்தூள் போட்டு, பெரிய அன்னக்குண்டாவுல வேக வெச்சு, எலும்பெல்லாம் தடவித் தடவி எடுத்துப்போட்டு, சோத்தோட பெசஞ்சு, உருண்ட உருண்டையா உருட்டி வாயில குடுப்பன். தட்டுல வெக்கறதே இல்ல. முழங்கை வரைக்கும் எச்சி ஒழுகும். பூபதி சொல்லுவான், "அப்பா, இவ்வளவு பெரிய நாய்க்கு ரெண்டு வேளையாவது போடணும்னு டாக்டர் சொல்றாரு"ன்னு. அவனுக்கு என்ன தெரியும். பசி இருந்தாத்தான் நாயி காவல் காக்கும்.

வூட்டுக்கு ஒரம்பர, சொந்தக்காரங்க யாரு வந்தாலும் ஒரு வெளையாட்டுக் காட்டுவன். "இந்தாங்க, இந்தக் கறித்துண்ட அவனுக்குக் குடுங்க பாப்போம்." குடுப்பாங்க. லம்பு கறியப் பாப்பான். என்னப் பாப்பான். வாயில எச்சி கயிறாட்டம் தொங்கும். ஆனா மூஞ்சியத் திருப்பிக்குவான். வந்தவங்க என்னையும் அவனையும் மாறி மாறிப் பாப்பாங்க. அப்புறம் அதே துண்ட நான் வாங்கி நீட்டுவன். லபக்! அந்த ஒரு லபக்குல எனக்கு வர்ற சந்தோசம் இருக்குதே சார், ஆயிரம் அடியில தண்ணி வந்தப்பக்கூட அப்படி இருந்ததில்ல.

மருமகளுக்கும் காட்டுனன். வசுமதின்னு பேரு. கல்யாணம் முடிஞ்சு விருந்து நடக்குது, சொந்தமெல்லாம் உக்காந்திருக்குது. "அம்மணி, நீயி குடு பாப்போம்"னன். அதுக்குப் பயம். பட்டுச் சேலையோட கிட்ட வந்து, முந்தானைய இழுத்துப் புடிச்சுட்டு நீட்டுச்சு. லம்பு பார்த்தான், திருப்பிக்கிட்டான். கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. "புது மருமவ கையி இந்த வூட்டுக்கு ஆவலியாட்ட இருக்குது"ன்னு எங்க பங்காளி சம்சாரம் ஒருத்தி சொன்னா. தமாசுதானுங்க. அம்மணி உள்ள போயிக் கையக் கழுவிட்டு வந்துச்சு. கண்ணையும் கழுவிட்டு வந்தாப்பல இருந்துச்சு. தமாசுக்கு எதுக்கு அழுவணும்? நீங்களே சொல்லுங்க.

மத்தபடி நல்ல புள்ளதான். குத்தம் சொல்ல மாட்டன். பேத்தி தாரணி பொறந்தப்ப லம்பு தொட்டிலுக்கு அடியிலதான் படுத்திருப்பான். அது தவழ்ந்து வந்து அவங்காதப் புடிச்சு எந்திரிச்சுதான் நடையே பழகுச்சு. ஒண்ணும் பண்ண மாட்டான். வசுமதி அந்தால போனா இவன் பின்னாடியே போவான், அதையும் பாத்திருக்கறன். நாயின்னா நாலு பேரு பின்னாடி போவுந்தான். சோறுன்னு வந்தா நானு. அதுல மாத்தமில்லீன்னு நெனச்சிட்டு இருந்தன்.

போன வருசம் எனக்கு நெஞ்சு வலி வந்துதுங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. அடைப்பு, பைபாஸ் பண்ணோணும்னுட்டாங்க. நெஞ்சக் கிழிச்சுத் தெச்சுப் போட்டிருக்கறாங்க, மூச்சு வுட்டா வலிக்குது, எனக்கு ஒரே நெனப்பு. லம்பு சாப்பிட மாட்டான். பூபதியக் கூப்பிட்டுச் சொன்னேன், "எம்பட துண்டக் கொண்டுபோயி அவம் பக்கத்துல போடுறா. அந்த வாசத்துக்காவது ஒரு வாய் திங்கட்டும்." அவன் வாங்கிட்டுப் போனான்.

ஒண்ணு சொல்றன், சிரிக்காதீங்க. படுத்துட்டே நெனச்சுப் பாப்பன். லம்பு வாசல் கேட்டுக்கிட்ட படுத்திருக்கறான். காலு மேல மூஞ்சிய வெச்சிருக்கறான். வசுமதி சோத்த வெச்சுக் கெஞ்சுது, பூபதி கெஞ்சறான், டாக்டரு வர்றாரு. லம்பு திரும்பிக்கூடப் பாக்கல. எலும்பு தெரிய எளைச்சுப் போயி என்னத்தான் பாத்துட்டு இருக்கறான். அப்படி நெனைக்கறப்ப எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பொய் சொல்லக்கூடாது, அந்நேரம் நெஞ்சு வலியே தெரியாது சார். இந்த ஒலகத்துல நான் இல்லீன்னா சோறு எறங்காத சீவன் ஒண்ணு இருக்குதுன்னு ஒரு நெறைவு. வாழ்நாள் பூரா வூட்டுக்குக் காசு அனுப்பிட்டு இருந்தவனுங்க நானு. நான் இல்லீன்னா காசு வராது. ஆனா சோறு? எல்லாருக்கும் எறங்கிட்டுத்தான் இருந்துச்சு.

வூட்டுக்கு வந்தேன். ஆம்னி வேன்ல இருந்து எறங்கறன். லம்பு ஓடியாறான். என்னமோ கத்தறான், அழுவறான், சுத்திச் சுத்தி வர்றான். பூபதி புடிச்சு நிறுத்துனான், தையல்ல மோதிருவான்னு. நான் என்ன பார்த்தேன் தெரியுங்களா? அவன் வவுத்தப் பார்த்தேன். நல்லாத் திண்ணுன்னு இருந்தான். ரோமம் மினுமினுன்னு இருக்குது. ஒரு எலும்பு தெரியல. நான் போட்டப்ப இருந்ததுக்கு ஒரு சுத்து பெருத்திருந்தான்.

"எத்தன நாள் பட்டினி கெடந்தான்?"னு கேட்டேன்.

வசுமதி சிரிச்ச மூஞ்சியா வந்து சொல்லுச்சு. "ஒரு நாள்கூட இல்லீங்க மாமா. மொத நாளே சாப்பிட்டுட்டான். நீங்க அதையே நெனச்சுக் கவலப்படுவீங்கன்னுதான் ரெண்டு வேளையும் நல்லாப் போட்டேன். உங்க துண்டு மேலதான் படுப்பான், தொவைக்கக்கூட வுடல. கேட்டுச் சத்தம் கேட்டா ஓடிப் போயிப் பாத்துட்டு வருவான்."

துண்டுல படுத்தா என்னங்க, சாக்குல படுத்தா என்னங்க? சோறு தின்னுட்டானே. மொத நாளே.

எப்படித் தின்னான்னு கேட்டேன். அப்பத்தான் வருது உண்மை. நாலஞ்சு வருசமா மத்தியானம் நான் தூங்கறப்ப வசுமதி அவனுக்குப் போட்டுட்டு இருந்திருக்குது. அடுப்புத் திண்டு மேல தாடைய வெச்சுட்டுப் பசியோட நிப்பானாம், பாவமா இருக்குமாம். எம்முன்னாடி மட்டும் யாரு குடுத்தாலும் திருப்பிக்குவான். நான் கண்ண மூடுனா லபக்கு. நான் ஒரம்பரக்காரங்களுக்கெல்லாம் வெளையாட்டுக் காட்டறன், மருமகளும் நாயும் சேர்ந்து எனக்கு வெளையாட்டுக் காட்டியிருக்கறாங்க.

கோவம் வந்துதுங்க. நாயிகிட்டக் கோவிச்சு என்ன பண்றது. ரெண்டு நாள் அவங்கூடப் பேசல. அவன் வந்து எங்கட்டில் சட்டத்துல தாடைய வெச்சுட்டு நிப்பான், நான் செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருப்பன். அப்புறம் மனசு கேக்கல. வசுமதியக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மணி, இன்னைல இருந்து ஒரு வாய்கூட நீ போடக்கூடாது. நான் உயிரோடதான் இருக்கறன்." அது "சரிங்க மாமா"ன்னுது.

சரின்னு சொல்லுச்சே ஒழிய, எனக்கு நம்பிக்கையில்ல. நான் அசந்தாப் போட்டுரும். அதனால வேளைய மாத்துனன். சாயந்தரம் போடறத மத்தியானத்துக்குக் கொண்டாந்தன். அது போடற நேரத்துக்கு நான் போட்டுட்டா? அப்புறம் எங்க போயித் திங்கறது அவன்? நல்ல யோசனைதானுங்க. டாக்டரு வெயிட் தூக்கக்கூடாதுன்னாரு, நான் அன்னக்குண்டாவ இழுத்து இழுத்துக் கொண்டுபோயி நானே பெசஞ்சேன்.

மாத்துன மொத நாள். வழக்கத்தவிட ஜாஸ்தியாவே பெசஞ்சேன். இனி எங்கைச் சோறுதான்னு அவனுக்கும் தெரியணுமில்ல. உருட்டி உருட்டிக் குடுக்கறன். வாங்கறான். கொஞ்சம் மெதுவாத்தான் வாங்குனான். ஒவ்வொரு உருண்டைக்கும் எம்மூஞ்சியப் பாக்கறான். ஆனா ஒண்ணக்கூட வேண்டாம்னு சொல்லல. எங்கையால நீட்டி அவன் வேண்டாம்னு சொன்னதே கெடையாதுங்க. வசுமதி சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்துச்சு. மூஞ்சி வெளிறிக் கெடந்துச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்த, "மாமா, இப்பத்தான் நானும் போட்டேன்"னு சொல்லியிருக்கலாமில்லீங்களா? சொல்லல. ஏன் சொல்லலீன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நான் என்ன அடிக்கவா போறன்?

சோறு ஆனதும் வாசல்ல ரெண்டு சுத்து ஓட்டுனன், ஜீரணமாகட்டும்னு. சித்த நேரத்துல ஒரு மாதிரி ஆயிட்டான். வாந்தி எடுக்கறாப்பல ஒங்கரிக்கறான், ஒண்ணும் வரல. வவுறு உப்பிட்டே போவுது. தட்டுனா மத்தளமாட்டம் சத்தம் வருது. வசுமதி ஓடியாந்து, "மாமா, உடனே டாக்டர்கிட்டப் போலாம்"னுச்சு. எனக்குத் தெரியாதா? வெறும் வாயு. ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுத்தாக் கலைஞ்சு போயிரும்னு நானே காய்ச்சுனன், ஆற வெச்சு ஊத்துனன். அதையும் குடிச்சானுங்க, எங்கையால. அப்பறமும் கேக்கல. நிக்க முடியாமக் கீழ சாஞ்சதுக்கப்பறம் பூபதிக்குப் போன் பண்ணி, அவன் வேலைய வுட்டு வந்து, எல்லாருமா வண்டியில தூக்கிப் போட்டோம்.

டவுன் டாக்டரு தொட்டுப் பார்த்துட்டு, "வயிறு திருகிக்கிச்சு, இங்க ஆவாது, உடனே ஆபரேசன் பண்ற எடத்துக்குப் போங்க"ன்னாரு. "என்ன சாப்பிட்டான்? எவ்வளவு?"ன்னு கேட்டாரு. நான் கணக்குச் சொன்னேன். அப்பத்தான் வசுமதி தலையக் குனிஞ்சுட்டு, "அதுக்கு முன்னாடி நானும் போட்டேனுங்க"ன்னுது. டாக்டரு வவுத்த இன்னொருக்கா அமுத்திப் பார்த்தாரு. "முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னாரு. பாத்தீங்களா? அது முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க முன்னாடியே போயிருப்போம்.

நாமக்கல் ரோட்டுல போயிட்டு இருக்கறப்பவே அடங்கிட்டான். பூபதி ஓட்டறான். தையல் பிரிஞ்சிரும்னு என்ன முன் சீட்டுல உக்கார வெச்சுட்டாங்க. பின்னாடி வசுமதி மடியிலதான் தல. ஆனா கண்ணு எம்பக்கந்தான் இருந்துச்சு. கண்ணாடியில பார்த்தேன். என்னத்தான் பாத்துட்டு இருந்தான். நெசமா. வசுமதியக் கேட்டாத் தெரியும். நான் கேக்கல.

எங்க வெள்ளாமக் காட்டுல பொதச்சோம். பாறை பூமி. நாள் பூரா ஆயிரம் அடிக்கு ஓட்ட போட்டவன், அவனுக்கு ஒரு குழி வெட்ட ஆள் வெச்சு மெசினு கொண்டாந்தேன். கல்லுப்பு மூட்டயப் பிரிச்சு நானே கொட்டுனன். அந்த உடம்பு மேல உப்பு வுழுந்த சத்தம் இருக்குதே. வேண்டாம் வுடுங்க.

வூட்டுக்கு வந்து வாசல்ல நின்னு சொல்லிட்டேன். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் நின்னுட்டு இருந்துச்சு. "எம்பட லம்புவ நீதான் கொன்ன"ன்னேன். வசுமதி வாசல்லயே நின்னுச்சு. சேலையெல்லாம் அவனோட எச்சியும் ரோமமும். பூபதிதான் பேசுனான். எங்கிட்ட எதுத்து ஒரு வார்த்த பேசாத பையன். "அப்பா, அவன் உங்க நாய் மட்டுமில்ல"ன்னான். அப்புறம் கொஞ்ச நாள்ல சாமான ஏத்திட்டாங்க. இங்கதான், ரெண்டு தெரு தள்ளி இருக்கறாங்க.

"உங்க நாய் மட்டுமில்ல"ன்னா என்னங்க அர்த்தம்? சோறு போட்டது யாரு?

தனியா இருக்கறது எனக்குப் பழக்கந்தானுங்க. இருவத்தஞ்சு வருசம் தனியாத்தான இருந்தன். அப்ப ஊர்ல வூடுன்னு ஒண்ணு இருக்குது, அங்க போவணும்னு இருக்கும். இப்ப வூட்டுலயே இருக்கறன், எங்க போறது? கோழிக்கடைக்காரரு இன்னமும் தலையும் காலும் எடுத்து வெக்கறாரு. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. வாங்கியாந்து வேக வெச்சு, உருட்டி எடுத்துட்டுத் தெருவுக்குப் போவன். இந்தத் தெரு நாயிக கையில வாங்காதுங்க. கீழ வெச்சுட்டு நான் நவுந்து போனாத்தான் வந்து திங்குதுக. எட்ட நின்னு பாத்துட்டு வந்துருவன்.

உங்க நாயி வரட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. கொரைக்கட்டும், வூட்டுக்குள்ள ஒரு சத்தமாவது இருக்கும். ஆனா ஒண்ணு சொல்றன் கேட்டுக்குங்க. ஒருத்தர் கை. நீங்கன்னா நீங்க, வூட்டம்மான்னா வூட்டம்மா. எல்லாரு கையிலயும் தின்னா அப்புறம் அது யாரு நாயின்னு எப்படிச் சொல்லுவீங்க? சிரிக்காதீங்க சார். தெரியாமத்தான் சிரிக்கறீங்க.

இருங்க. சத்தம் கேக்குதுங்களா?

ஸ்கூட்டி. அதுதான். வசுமதி. நித்தம் இந்நேரத்துக்கு வரும். சோத்துக் கேரியரக் கேட்டுல மாட்டிட்டுப் போவும். நான் வெளிய போறதில்ல. அசையாதீங்க, நீங்க இருக்கறது தெரிய வேண்டாம். நான் அந்தச் சோத்தத் தொடறதுகூடக் கெடையாதுங்க. எம்பட கையால பொங்குனதுதான் எனக்கு. அது போனப்பறம் போயி எடுத்தாந்து, சாயந்தரம் கழுவி மாட்டிருவன், அவ்வளவுதான். நேத்து கொள்ளுப் பருப்பு. உப்பே இல்ல. டாக்டரு சொன்னாருன்னு ஒரேயடியாக் கொறச்சிருது. முந்தா நேத்து அரிசிம்பருப்பு சாதம், அது பரவால்ல, ராமாத்தா பக்குவம் இருந்துச்சு.

கூப்பிடுது பாருங்க. "மாமா"ன்னு. ரெண்டு தடவதான் கூப்பிடும், அப்புறம் போயிரும். பேசாதீங்க.

சார், நீங்க சன்னலோரமா உக்காந்திருக்கறீங்க, லேசா எட்டிப் பாருங்க. திரைய நீக்காதீங்க, சந்துல பாருங்க. போயிருச்சா? இல்லியா? நிக்குதா? எதுக்கு நிக்குது? இன்னைக்கு என்ன நின்னுட்டே இருக்குது? கூட யாருங்க, தாரணியா? பள்ளிக்கூடம் லீவாட்ட இருக்குது. வளந்திருக்குதுங்களா? ரெட்டச் சடையா?

மறுக்காக் கூப்பிடுது. மூணாவது தடவ. எப்பவும் கூப்பிடாது.

நான் போவ மாட்டன். எழுந்திரிச்சா நாற்காலி சத்தம் போடும். சும்மா இருங்க.

வண்டி எடுத்துருச்சு, கேக்குது. போவுதுங்களா? தெரு முக்கு வரைக்கும் தெரியுமே அங்கிருந்து. பாருங்க. நல்லாப் பாருங்க சார்.

திரும்பிப் பாத்துதுங்களா?